பத்து கடை ஏறி இறங்கினாலும் பிடிக்காத பை... கிரேஸ் கெல்லி பெயர் ஒரு ஹேண்ட்பேக்குக்கு வந்தது எப்படி?

கடையில் நாற்பது பை அடுக்கியிருக்கும். ஒன்றுக்குப் பட்டை குட்டை, இன்னொன்றுக்கு ஜிப் சரியில்லை, மூன்றாவது பளபளப்பாக இருக்கும், ஆனால் தையலைப் பார்த்தால் ஆறு மாதம் தாங்காது என்று தோன்றும். கடைக்காரர் பெருமூச்சு விடுவார், கூட வந்தவர்கள் வாசலுக்கே போய்விடுவார்கள். லேசில் திருப்தி ஆகாத இந்த மாதிரி ஆட்களை ஊர் கேலி செய்யும். ஆனால், உலகத்தின் மிகப் பிரபலமான கையால் தைத்த ஹேண்ட்பேக்கின் கதையே இப்படிப்பட்ட இரண்டு பேரால்தான் நகர்ந்தது. ஒருவர், கடைகளில் பிடித்த பை கிடைக்கவில்லை என்று கணவரிடம் குறைப்பட்ட ஒரு பாரிஸ் பெண். இன்னொருவர், ஹாலிவுட் நடிகையாக இருந்து மொனாக்கோ இளவரசியான கிரேஸ் கெல்லி.

'கெல்லி பேக்' என்றால் இன்று பணக்காரர்களின் அந்தஸ்துச் சின்னம். நேராகக் கடைக்குள் போய், இது வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட முடியாது, காத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் பையைப் பயன்படுத்திய விதமே வேறு. அவர் யார், அந்தப் பையை எதற்காகத் தூக்கினார், அவர் வாழ்க்கையில் அது என்ன வேலை செய்தது?

செங்கல் வியாபாரி வீட்டுப் பெண்

1929 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தார் கிரேஸ். அப்பா ஜான் பி. கெல்லி, கொத்தனாராகத் தொடங்கி செங்கல் கட்டுமானத் தொழிலில் பெரிய பணக்காரராக வளர்ந்தவர். துடுப்புப் படகுப் போட்டியில் மூன்று ஒலிம்பிக் தங்கம் வென்றவரும்கூட. இரண்டு 1920-ல், ஒன்று 1924-ல். அதே 1920-ல் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஹென்லி படகுப் போட்டியில் கலந்துகொள்ள அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கையால் உழைத்துச் சம்பாதித்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று அப்போது பேசப்பட்டது. கைவேலை செய்தவன் கனவான் ஆக முடியாது என்பது அன்றைய கணக்கு. அந்த அவமானத்தை கெல்லி குடும்பம் மறக்கவே இல்லை. 1947-ல் மகன் ஜான் ஜூனியர் அதே ஹென்லியில் ஜெயித்த பிறகுதான் மனசு ஆறியது.

அம்மா மார்கரெட், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுத்தவர். ஆக, வீடு முழுக்க விளையாட்டுப் பேச்சு. அதில் கிரேஸ் மட்டும் அமைதி, அடிக்கடி ஜலதோஷம், பொம்மைகளோடு பேசிக்கொண்டிருக்கும் குழந்தை. நடிப்பதில் ஆசை என்று அவர் சொன்னபோது அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. மூத்த மகள் பெக்கிதான் சாதிப்பாள் என்று அவர் நினைத்திருந்தார். குடும்பத்தில் கிரேஸுக்குத் துணை நின்றது, புலிட்சர் பரிசு வாங்கிய நாடகாசிரியரான பெரியப்பா ஜார்ஜ் கெல்லி.

1947-ல் நியூயார்க் போய் நடிப்புப் பள்ளியில் சேர்ந்தார். பெண்கள் மட்டும் தங்கும் பார்பிஸன் ஹோட்டலில் அறை. வீட்டுக் காசை எதிர்பார்க்காமல் விளம்பரங்களுக்கு மாடலிங் செய்து படிப்புச் செலவைப் பார்த்துக்கொண்டார்.

வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த நடிகை

கிரேஸ் கெல்லி நடித்தது மொத்தமே 11 படங்கள். காரணம், வாய்ப்பு இல்லாதது அல்ல. அவர் பொறுக்கி எடுத்தார்.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் ஸ்டுடியோதான் எஜமான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் ஏழு வருஷம் அவர்கள் சொன்ன படத்தில் நடிக்கணும். எம்ஜிஎம் ஸ்டுடியோ 'மொகாம்போ' படத்துக்காக அவரை அழைத்தபோது, கிரேஸ் தன் நிபந்தனைகளை முதலில் வைத்தார். நாடகத்தில் நடிக்க ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் விடுமுறை வேணும், நியூயார்க்கில்தான் குடியிருப்பேன். அப்போது அவர் பெரிய ஸ்டார்கூட இல்லை. ஆனாலும் கேட்டார், கிடைத்தது.

'ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்' வாய்ப்பும் ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' வாய்ப்பும் ஒரே நேரத்தில் வந்தபோது, இரண்டாவதை எடுத்துக்கொண்டார். எம்ஜிஎம் அனுப்பிய கதைகள் பிடிக்கவில்லை என்று தொடர்ந்து திருப்பி அனுப்ப, 1955 தொடக்கத்தில் ஸ்டுடியோ அவரைச் சஸ்பெண்ட் செய்தது. அந்த மார்ச் 30-ம் தேதியே 'தி கன்ட்ரி கேர்ள்' படத்துக்காகச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. வயது 25.

ஆஸ்கர் மேடையில் அவர் உடுத்தியிருந்தது வெளிர்நீல சாட்டின் கவுன். ஆடை வடிவமைப்பாளர் ஈடித் ஹெட் தைத்துக் கொடுத்தது. அது புது டிரஸ் இல்லை என்பதுதான் சுவாரஸ்யம். அதே கவுனில் 'தி கன்ட்ரி கேர்ள்' படத்தின் முதல் காட்சிக்கு ஏற்கெனவே போய்வந்திருந்தார். பிறகு பத்திரிகை அட்டைப்படத்துக்கும் அதையே உடுத்தினார். ஒருமுறை போட்டதை மறுமுறை போட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் சினிமா உலகத்தில் இது அபூர்வம். ரொம்ப யோசித்து வாங்குவார், வாங்கியதை லேசில் விடமாட்டார். ஹேண்ட்பேக் விஷயத்திலும் அதேதான் நடந்தது.

கைப்பையே சாட்சி சொன்ன படம்

'ரியர் விண்டோ' 1954-ல் வந்தது. கால் உடைந்து வீட்டோடு முடங்கிய ஒரு புகைப்படக்காரர், ஜன்னல் வழியாக எதிர் வீடுகளை வேடிக்கை பார்க்கிறார். எதிர்வீட்டு விற்பனையாளர் மனைவியைக் கொன்றுவிட்டாரோ என்று சந்தேகம். அவருடைய காதலி லிசாவாக கிரேஸ்.

ஆண்களுக்குப் புரியாத ஒரு தடயத்தை லிசா பிடிக்கிறார். அந்த மனைவிக்கு மிகப் பிடித்த கைப்பை எப்போதும் கட்டில் காலில்தான் தொங்கும். ஊருக்குப் போகிற பெண் தனக்குப் பிடித்த கைப்பையையும் நகைகளையும் விட்டுவிட்டா போவாள்? அவள் போகவே இல்லை என்பதற்கு அந்தப் பைதான் சாட்சி. துப்பறியும் நண்பர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார். கடைசியில் லிசா சொன்னதுதான் சரி.

அதே படத்தில் லிசா ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியோடு வருகிறார். மார்க் கிராஸ் நிறுவனத்தின் பெட்டி. பார்த்தால் சாதாரண ஹேண்ட்பேக் அளவு. திறந்தால் இரவு உடை, செருப்பு எல்லாம் உள்ளே கச்சிதமாக மடங்கியிருக்கும். ஒரு பையை எவ்வளவு நுணுக்கமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்குப் பாடம் மாதிரியான காட்சி அது.

பாரிஸ் கடையில் இரண்டு பெண்கள்

அடுத்து ஹிட்ச்காக்கின் 'டு கேட்ச் எ தீஃப்'. பிரான்ஸின் தென்கரையில் படப்பிடிப்பு. படத்துக்கான துணைப்பொருட்கள் வாங்க ஈடித் ஹெட்டும் கிரேஸும் பாரிஸில் ஹெர்மெஸ் கடைக்குப் போனார்கள். ஒவ்வொரு கையுறையாக எடுத்து, போட்டுப் பார்த்து, ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றும், பில் வந்த பிறகுதான் எவ்வளவு ஆகிவிட்டது என்பதே உறைத்தது என்றும் ஹெட் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். கிரேஸுக்கும் ஹெர்மெஸ் பைகளுக்கும் இடையிலான பந்தம் இந்தப் படத்தின் காலத்தில் தொடங்கியதாகத்தான் பரவலாகச் சொல்கிறார்கள்.

ஹெர்மெஸ் அப்போதே நூறு வயது தாண்டிய நிறுவனம். 1837-ல் தியரி ஹெர்மெஸ் பாரிஸில் குதிரைகளுக்கான சேணமும் வார்களும் தைக்கும் பட்டறையாகத் தொடங்கியது. 1900 வாக்கில் குதிரைச் சேணத்தையும் பூட்ஸையும் தூக்கிப்போக ஒரு பெரிய பை செய்தார்கள். பெண்களுக்கான ஹேண்ட்பேக் 1920-களில்தான் வந்தது. அதற்குப் பின்னால் இருப்பவர்தான் முதலில் சொன்ன அந்தப் பாரிஸ் பெண். நிறுவனரின் பேரன் எமில் மோரிஸ் ஹெர்மெஸின் மனைவி அவர். எந்தக் கடையிலும் தனக்குப் பிடித்த பை கிடைக்கவில்லை என்று அவர் சொன்னதால்தான் பட்டறையில் பெண்களுக்கான பை தைக்கத் தொடங்கினார்கள் என்பது அந்த வீட்டுக் கதை.

1930-களில் எமிலின் மருமகன் ராபர்ட் டூமா ஒரு பையை வடிவமைத்தார். கீழே அகலம், மேலே குறுகல், ஒரே ஒரு கைப்பிடி, மேலே மடிந்து மூடும் மடல், இரண்டு பட்டைகள், நடுவில் திருகிப் பூட்டும் கொண்டி. அப்போது அதற்குப் பெரிய பெயரெல்லாம் இல்லை. இருபது வருஷம் அது பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

அந்தப் பையில் அப்படி என்னதான் இருக்கு?

விலையை விட்டுவிட்டு வேலையை மட்டும் பார்ப்போம். கையால் தைத்த எந்தத் தோல் பையை வாங்குபவருக்கும் இது உதவும்.

முதலில் தையல். சேணம் தைக்கும் முறையிலேயே இந்தப் பையையும் தைக்கிறார்கள். மெழுகு பூசிய ஒரே லினன் நூல், அதன் இரண்டு முனையிலும் ஊசி. குத்தூசியால் தோலில் ஓட்டை போட்டு, இரண்டு ஊசியையும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து அதே ஓட்டை வழியாக இழுப்பார்கள். மெஷின் தையலில் மேல் நூலும் அடி நூலும் நடுவில் கோத்துக்கொண்டிருக்கும், ஒன்று அறுந்தால் வரிசையாகப் பிரிய ஆரம்பிக்கும். கைத்தையலில் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். குதிரை மேல் போகிறவன் உயிர் சேணத் தையலில் இருந்ததால் பிறந்த முறை இது. கொஞ்சம் சாய்வாக, சீராக ஓடும் தையல் வரிசைதான் இதன் அடையாளம்.

அடுத்து ஓரம். தோல் அடுக்குகள் சேரும் விளிம்பைத் தேய்த்து, சாயம் பூசி, மெழுகிட்டு, மறுபடி தேய்த்து ஒரே துண்டு மாதிரி ஆக்குவார்கள். அவசரமாகச் செய்த பையில் முதலில் பிளப்பது இந்த விளிம்புதான். மூன்றாவது தோல். பூச்சி கடித்த தழும்பு, கீறல் எல்லாவற்றையும் தவிர்த்துத்தான் துண்டு வெட்டுவார்கள். நான்காவது அடிப்பாகம். கீழே வைத்தால் தோல் தரையில் படாதபடி நான்கு உலோகக் குமிழ்கள்.

இதில் இரண்டு வகை உண்டு. தையல் வெளியே தெரியும்படி விறைப்பாக நிற்கும் பை ஒன்று. உள்புறம் வெளியே இருக்கும்படி தைத்து, பிறகு திருப்பிப் போட்ட, கொஞ்சம் மெத்தென்ற பை இன்னொன்று. எதுவானாலும் ஒரு பையை ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே கைவினைஞர்தான் தைப்பார். அதில் அவருக்கான முத்திரையும் இருக்கும். ஒரு பைக்குக் கிட்டத்தட்ட இருபது மணி நேர உழைப்பு. ஆக, நொட்டை சொல்லும் வாடிக்கையாளர் பார்க்கும் எல்லா இடத்தையும் அந்தக் கைவினைஞர் அதற்கு முன்பே பார்த்திருப்பார்.

கசங்காத ஒரே டிரஸ்

1955 மே 6. கான் திரைப்பட விழாவுக்கு வந்திருந்த கிரேஸுக்கு, பக்கத்து நாடான மொனாக்கோவின் அரண்மனையில் ஒரு பத்திரிகைக்காகப் புகைப்பட ஏற்பாடு. இளவரசர் மூன்றாம் ரெய்னியரும் இருப்பார். அன்றைக்குப் பார்த்து வேலைநிறுத்தத்தால் கரண்ட் இல்லை. தலைமுடியை உலர்த்த முடியாது, துணி இஸ்திரி போட முடியாது. கசங்காமல் இருந்த ஒரே உடை, பெரிய பூப்போட்ட ஒரு டஃபேட்டா கவுன். வீட்டில் பெண்கள் தாங்களே தைத்துக்கொள்ளும் பேட்டர்ன் நிறுவனம் ஒன்றின் மாதிரியில் தைத்தது. உலகத்தின் மிக ஸ்டைலான பெண் என்று பேசப்பட்டவர், வருங்காலக் கணவரை முதன்முதலில் சந்தித்தது அதில்தான்.

1956 ஜனவரியில் நிச்சயதார்த்தம். ஏப்ரல் 18, 19 தேதிகளில் மொனாக்கோவில் திருமணம். கல்யாண கவுனை ஹெலன் ரோஸ் வடிவமைக்க, எம்ஜிஎம்மின் தையல் கலைஞர்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் சுமார் ஆறு வாரம் தைத்தார்கள். கல்யாணம் முடிந்ததும் கிரேஸ் அதைத் தன் சொந்த ஊரான பிலடெல்பியாவின் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

கேடயம் ஆன பை

கல்யாணத்துக்குப் பிறகு கிரேஸுக்குத் தனிமை என்ற ஒன்றே இல்லாமல் போனது. மொனாக்கோவுக்கு ஒரு வாரிசு வேண்டும் என்று ஊரே காத்திருந்தது. அவர் இடுப்பைத்தான் எல்லா கேமராவும் பார்த்தன. 1956-ல் கருவுற்றிருந்த ஆரம்ப நாட்களில், புகைப்படக்காரர்கள் சூழ்ந்தபோது கையிலிருந்த ஹெர்மெஸ் பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்து மறைத்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தப் பையோடு அவர் இருக்கும் படங்கள் உலகம் சுற்றின. கடைகளில் பெண்கள் அந்தப் பையை கிரேஸ் கெல்லி வைத்திருக்கும் பை என்று கேட்க ஆரம்பித்தார்கள். 1957 ஜனவரி 23-ல் மகள் கரோலின் பிறந்தார். அடுத்த வருஷம் ஆல்பர்ட், 1965-ல் ஸ்டெஃபனி.

அந்தப் படங்களை இன்று ஃபேஷன் வரலாறு என்கிறோம். ஆனால் அதில் இருப்பது, தன் உடம்பு பற்றிய செய்தியைத் தானே, தனக்குத் தோன்றும்போது சொல்லிக்கொள்ள விரும்பிய 26 வயதுப் பெண். அதற்கு அவர் கையில் அப்போது இருந்தது ஒரு தோல் பை மட்டும்தான்.

தேர்ந்தெடுக்க முடியாமல் போனது

கதைகளையும் ஒப்பந்தங்களையும் பொறுக்கி எடுத்தவருக்கு, திருமணத்துக்குப் பின் ஒரு தேர்வு மட்டும் கைகூடவில்லை. 1962-ல் ஹிட்ச்காக்கின் 'மார்னி' படத்தில் அவர் மீண்டும் நடிக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. இளவரசி சினிமாவில் நடிப்பதா என்று மொனாக்கோ மக்கள் எதிர்த்தார்கள். வரி விவகாரத்தில் பிரான்ஸோடு மொனாக்கோவுக்கு மோதல் முற்றியிருந்த நேரமும் அது. கிரேஸ் விலகிக்கொண்டார். அந்த வேடத்தில் டிப்பி ஹெட்ரன் நடித்தார். கிரேஸ் அதன்பின் கதாநாயகியாகத் திரைக்குத் திரும்பவே இல்லை.

பிறகு அவர் கவனம் கைவேலைப் பக்கம் திரும்பியது. 1964-ல் தன் பெயரில் ஒரு அறக்கட்டளை தொடங்கி, மொனாக்கோவின் உள்ளூர் கைவினைஞர்கள் செய்யும் பொருட்களுக்குக் கடை வைத்துக்கொடுத்தார். 1968-ல் தோட்டக்கலைச் சங்கம் ஆரம்பித்தார். பூக்களை அழுத்தி உலர்த்தி ஒட்டிப் படம் செய்வதில் இறங்கி, 1977-ல் பாரிஸில் கண்காட்சியே வைத்தார். கைவேலைக்காரன் என்ற பெயரால் அவமானப்பட்ட அப்பாவின் மகள், கைவேலைக்கு மரியாதை தேடியதில் ஆச்சரியம் இல்லை.

இடையில் இன்னொரு பைக் கதையும் உண்டு. 1966-ல் மிலன் நகரின் குச்சி கடையில் மூங்கில் கைப்பிடி வைத்த பையை வாங்கினார் கிரேஸ். கடை முதலாளி ரொடால்ஃபோ குச்சி ஒரு பரிசு வாங்கிக்கொள்ளச் சொல்லி வற்புறுத்த, பூப்போட்ட ஸ்கார்ஃப் இருந்தால் கொடுங்கள் என்றார். அவர் கேட்ட மாதிரி கடையில் எதுவுமே இல்லை. ஓவியர் ஒருவரிடம் சொல்லிப் புதிதாக வரையவைத்தார்கள். 'ஃப்ளோரா' என்ற அந்த டிசைனை அந்த நிறுவனம் இன்றும் விற்கிறது.

1977: பெயர் வந்தது

ஊரே கெல்லி பேக் என்று சொல்லிக்கொண்டிருந்த பைக்கு, ஹெர்மெஸ் அதிகாரபூர்வமாக அந்தப் பெயரை வைத்தது 1977-ல். அந்தப் படங்கள் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கிரேஸுக்கு அப்போது 47 வயது. இளவரசி கிரேஸ் என்று உலகம் அழைத்தாலும், பைக்கு வந்தது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். ஒரு காலத்தில் செங்கல் அடுக்கிய குடும்பத்தின் பெயர்.

ஐந்து வருஷம் கழித்து, 1982 செப்டம்பர் 13 அன்று, மலைமேல் இருந்த தங்கள் வீட்டிலிருந்து மொனாக்கோவுக்குக் கார் ஓட்டிவந்தார் கிரேஸ். பக்கத்தில் 17 வயது ஸ்டெஃபனி. பத்து வருஷத்துக்கு மேல் பழைய ரோவர் கார். ஓட்டுநர் இருந்தும் அவரே ஓட்டியதற்குக் காரணம், பின் சீட்டில் கசங்கக் கூடாதென்று விரித்துவைத்த உடைகள் என்று அப்போது செய்திகள் வந்தன. அளவு திருத்தி மறுபடி உடுத்துவதற்காக எடுத்துப்போன பழைய உடைகள். வழியில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, கார் மலைச்சரிவில் உருண்டது. மகள் பிழைத்தார். கிரேஸ் மறுநாள் இரவு இறந்தார். வயது 52.

2010-ல் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் அவருடைய உடைகளின் கண்காட்சி நடந்தது. அந்த ஹெர்மெஸ் பையும் மொனாக்கோவிலிருந்து வந்திருந்தது. அலமாரியில் பூட்டிவைத்த புத்தம் புதுப் பை இல்லை அது. தோலில் கீறல்கள், உராய்ந்த தடங்கள். நிறைய நாள், நிறைய ஊருக்குத் தூக்கிப் போன பை என்று பார்த்ததும் தெரிந்தது. இன்று அதே பெயர்கொண்ட பையை வாங்கும் பலர் கைபடாமல் டப்பாவிலேயே வைத்து, விலை ஏறக் காத்திருக்கிறார்கள். கீறல் விழுந்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்ற பயம். கிரேஸின் பையில் தையல் மட்டும் பிரியவே இல்லை.